ஏலமலைச் சரிவின் பள்ளிப் பிள்ளைகள்: போடிநாயக்கனூர் வட்டாரத்தில் குடும்பப் பின்னணியும் ஊட்டநலமும்

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். கொட்டகுடி ஆறு மலையிலிருந்து இறங்கி இதன் பக்கமாக ஓடுகிறது. மக்கள் சுருக்கமாகப் 'போடி' என்பார்கள். ஏலக்காய் வணிகத்தில் இந்த ஊரின் பெயர் பெரியது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் இங்கும், மலைக்கு மேலே கேரளத்தின் புற்றடியிலும் நடக்கிறது. ஏலம் விளைவது மேலே, இடுக்கி மாவட்டத்தில். அந்தக் காயை எடுக்கும் கைகளில் பெரும்பகுதி கீழே போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் பகுதிகளில் இருக்கிறது. வேலை ஒரு மாநிலத்திலும் வீடும் பள்ளியும் இன்னொரு மாநிலத்திலுமாக வாழும் குடும்பங்கள் இவை.

ஒரு பள்ளிப் பிள்ளையின் உயரம், எடை, இரத்தச் சோகை பற்றிப் பேசும்போது தட்டில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பது வழக்கம். அந்தத் தட்டை யார் வைக்கிறார், எந்த நேரத்தில் வைக்கிறார், யாருக்கு முதலில் வைக்கிறார் என்பவை குடும்பத்தின் தொழில், சாதி, பால் ஆகியவற்றோடு கட்டுண்டவை. போடி வட்டாரத்தில் கடந்த நூறு ஆண்டுகளில் இது எப்படி நடந்தது, அரசின் உணவுத் திட்டங்கள் அதில் எதை மாற்றின, எதைத் தொடாமல் விட்டன என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

மலையும் கூலியும்

ஏலமலைக் காடுகள் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தவை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலக்காய் வணிகம் அந்த அரசின் தனியுரிமை. விளைவித்தவர்களிலும் சுமந்து இறக்கியவர்களிலும் தமிழர் மிகுதி. வண்டிச் சாலை வருவதற்கு முன் தேவாரம், பண்ணைப்புரம், போடி ஊர்களிலிருந்து ஒற்றையடிப் பாதைகளில் ஏறிப் போவார்கள். வடக்கே கண்ணன் தேவன் மலையில் தேயிலை எழுந்தது. 1877இல் ஜே. டி. மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடம் அந்த நிலத்தைப் பெற்றார். பின்னர் அங்கு விளைந்த தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத் தொட்டிகளில் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியாக வெளியே போயிற்று. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் பாதை ரயில் வந்தது. மலைச் சரக்கு இறங்கும் வாசலாக ஊர் வளர்ந்தது.

1956 மொழிவழி மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. அரசியல் வரலாற்றில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளின் சோற்றோடு இதற்கு உள்ள தொடர்பைப் பற்றி எழுதியவர் குறைவு. கோடு விழுந்த பிறகு, மேலே தோட்ட லயத்தில் தங்கும் குடும்பத்தின் பிள்ளைக்குக் கேரளத்தின் ரேஷன், கேரளத்தின் பள்ளி. கீழே இருக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டின் ரேஷன், தமிழ்நாட்டின் பள்ளி. பருவத்துக்கு மேலே போய்ப் பருவம் முடிந்து இறங்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு இரண்டும் பாதிப் பாதி.

தோட்டச் சட்டமும் இவர்களுக்கு முழுதாக உதவவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம், பள்ளி ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கியது. ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்கே அது பொருந்தியது. ஐம்பது பெண் தொழிலாளர் இருந்தால், அல்லது அவர்களின் பிள்ளைகள் இருபது பேர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்று அது விதித்திருந்தது. மூணாறு தேயிலைக் கம்பெனித் தோட்டங்களில் இந்த எண்ணிக்கை எளிதில் நிறையும். ஏலத்தோட்டங்களில் பல சிறியவை, வேலையும் பருவத்தைப் பொறுத்தது. நாள் கூலிக்குக் கீழிருந்து வரும் பெண் எந்தத் தோட்டத்தின் கணக்கிலும் நிலையாக இருப்பதில்லை. அவளுடைய கைக்குழந்தைக்கும் காப்பகம் இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஏலத்தோட்டத்துப் பிள்ளைக்கும் வேறுபாடு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

கேப்பையிலிருந்து அரிசிக்கு

இந்த வட்டாரத்து உழைக்கும் குடும்பங்களின் பழைய உணவு கேப்பைக் களி, கம்பங்கூழ், சோளச் சோறு, சாமை, வரகு ஆகியவை. மலைமேல் முதுவர் கேப்பை விதைத்தார்கள். பளியர் காட்டு வள்ளிக்கிழங்கு, தேன், கீரை, சிறு வேட்டை ஆகியவற்றில் வாழ்ந்தார்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை நீர் வந்ததும் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் பெருகியது. விளைந்த நெல் விளைவித்தவர் வீட்டில் அன்றாடச் சோறாக உடனே மாறவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நெல்லுச்சோறு, மற்ற நாளெல்லாம் கூழ் என்ற நிலை முதியவர்களின் நினைவில் இன்றும் உண்டு.

அரிசி உணவு உயர்வானது என்ற எண்ணம் அப்படித்தான் ஊறியது. அந்த நேரத்தில் நீலகிரியின் குன்னூரில் நேர்மாறான செய்தி கிடைத்துக்கொண்டிருந்தது. ராபர்ட் மெக்காரிசன் 1920களில் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் சேர்ந்த வட இந்திய உணவு தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவு கடைசி வரிசையில் நின்றது. அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்ட், விடுதிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்துக் கொடுத்து, அவர்களின் உயரமும் எடையும் மற்றவர்களைவிடக் கூடுவதைக் காட்டினார். அந்த ஆய்வகமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். கேப்பையைச் சாப்பிட்டவர்கள் வறுமையின் அடையாளமாக அதைக் கருதினார்கள். கையில் காசு வந்ததும் விட்டார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேப்பையை இடித்துத் திரித்துக் கிண்டுவது பெண்ணின் இரண்டு மணி நேர உழைப்பு. விடியலில் மலை ஏறும் பெண்ணுக்கு அரிசியை உலையில் போட்டு வடிப்பது எளிது. ரேஷனில் 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் அரிசி கிடைத்தபோது, வீட்டில் பசி குறைந்தது. பசி குறைவதும் ஊட்டம் கூடுவதும் ஒன்றல்ல என்பதும் அதற்குப் பின்தான் தெளிவாகத் தெரிந்தது. வயிறு நிறைந்த பிள்ளைகளுக்கும் இரத்தச் சோகை இருந்தது.

ஓர் அணாவிலிருந்து சத்துணவு வரை

பள்ளியில் சோறு போடும் வழக்கம் தமிழ்நாட்டில் 1920இல் தொடங்கியது. சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு கொடுக்க மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றார். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய ஆங்கில அரசு இசையாததால் 1925இல் நின்றது. 1927இல் மீண்டும் 25 பள்ளிகளில் ஏறத்தாழ ஆயிரம் ஏழை மாணவருக்குத் தொடங்கியது. இங்கிலாந்திலேயே பள்ளி உணவுக்கான சட்டம் 1906இல்தான் வந்தது என்பதை நினைத்தால், சென்னை அவ்வளவு பின்தங்கியிருக்கவில்லை.

போடிப் பக்கம் இதன் காற்று வீசவில்லை. இந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தின் பெரிய கல்வி நிகழ்வு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பிறமலைக் கள்ளர் சமூகம் கைரேகைப் பதிவுக்கு உள்ளாக்கப்பட்டு, 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. அதே காலத்தில் அரசு தொடங்கிய சீரமைப்புப் பணியில் பள்ளிகளும் விடுதிகளும் எழுந்தன. இன்றைய மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்னும் நடக்கின்றன. அடக்கும் நோக்கமும் சீர்திருத்தும் நோக்கமும் கலந்து வந்த ஏற்பாடு அது. ஆனாலும் விடுதியில் சேர்ந்த பிள்ளைக்குச் சோறு உறுதி என்ற எண்ணம் இங்கு முதலில் பரவியது இவற்றாலும் ஆதிதிராவிடர் விடுதிகளாலும்தான்.

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையோடு 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. செலவில் அறுபது விழுக்காட்டை அரசும் நாற்பது விழுக்காட்டை உள்ளூர் மக்களும் ஏற்றார்கள். ஊர் கூடிப் பிள்ளைக்குச் சோறு போடும் அழகு அதில் இருந்தது. இடரும் அதிலேயே இருந்தது. நெல் அளக்கும் பண்ணையார்களும் ஏலக்காய்ச் செட்டிமாரும் இருந்த ஊரில் நாற்பது விழுக்காடு எளிதாகத் திரளும். முந்தல் தாண்டி மலைச்சரிவில் இருபது முப்பது வீடுகள் உள்ள குடியிருப்பில் யாரிடம் திரட்டுவது? மிகவும் தேவைப்பட்ட இடத்தில் மிகவும் வலுவற்றதாக இருக்கும்படி அந்த ஏற்பாடு அமைந்துவிட்டது. 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் கொடுத்த பால்மாவும் எண்ணெயும் ஓரளவு இதை ஈடுசெய்தன. அக்காலத்தில் படித்தவர்கள் பலருக்கு அந்தப் பால்மாவின் வாசனை இன்னும் நினைவிருக்கும்.

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் உள்ளூர்ப் பங்கை எடுத்துவிட்டது. முதலில் ஊரகப் பகுதியின் இரண்டு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் பதினைந்து வயது வரையிலும் விரிந்தது. வீண் செலவு என்று எழுதிய பொருளியல் அறிஞர்கள் அப்போது பலர். ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மூவர். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அந்த வேலைகளில் முன்னுரிமை கிடைத்தது. பிள்ளையின் சோற்றைப் போலவே அந்தப் பெண்ணின் வீட்டுச் சோறும் அன்று உறுதியானது என்பதைத் திட்டத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள்.

முட்டை வந்தது 1989இல், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக. பின் வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று ஆயிற்று. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு. தொடக்கப் பள்ளி மாணவருக்கு மதிய உணவில் 12 கிராம் புரதம் வேண்டும் என்பது தேசிய அளவுகோல். அதில் பாதியை ஒரே பொருள் தருகிறது. பருப்பின் அளவு 15 கிராம். அதைக் குழம்பில் நீர்க்கக் கரைத்துவிடலாம். முட்டையைக் கரைக்க முடியாது. எண்ணி வைக்க வேண்டும், பிள்ளையும் எண்ணும்.

பள்ளிக்கு முன்பே தீர்ந்துபோவது

பள்ளி உணவு எவ்வளவு சிறந்தாலும் ஐந்து வயதுக்குப் பிறகே அது பிள்ளையைச் சேர்கிறது. கருவில் தொடங்கி இரண்டு வயது வரையான ஏறத்தாழ ஆயிரம் நாட்களில் குன்றிய உயரத்தைப் பிறகு முழுமையாக மீட்க முடிவதில்லை. முதல் வகுப்பில் வரிசையில் முன்னால் நிற்கும் குட்டைப் பிள்ளை, பெரும்பாலும் அம்மா மாசமாக இருந்தபோது மலையில் காய் எடுத்த கதையைத் தன் உடலில் சுமந்து நிற்கிறது.

தமிழ்நாட்டில் இதை முதலில் முறையாகக் கையாண்ட முயற்சி அன்றைய மதுரை மாவட்டத்திலேயே தொடங்கியது. போடியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. உலக வங்கியின் உதவியோடு 1980இல் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முன்னோட்டமாக ஆரம்பித்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தானியமும் பருப்பும் சேர்த்த லட்டு போன்ற உருண்டையைக் குறிப்பிட்ட காலம் கொடுத்து, தாய்க்கு உணவு முறையைச் சொன்னார்கள். 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நடந்த பெரிய ஊட்ட ஆய்வு ஒன்று, வீட்டில் இருக்கும் உணவுகூடச் சிறு குழந்தைக்கு உரிய பங்காகப் போய்ச் சேரவில்லை என்று கண்டிருந்தது. அதிலிருந்து பிறந்த திட்டம் இது. வறுமை, பழக்கம் இரண்டில் எதைக் காரணமாகக் கொள்வது என்ற வாதம் அன்றே வந்தது. தாய்க்குப் பாடம் சொன்னால் போதும் என்று நினைத்தவர்கள், தாய் பகலில் வீட்டில் இருக்கிறாளா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஜீப் ஏறும் நேரம்

போடி வட்டாரத்தின் தனித்தன்மை இதில்தான் இருக்கிறது. காய் எடுப்பு ஆடியில் தொடங்கித் தை, மாசி வரை நீளும். ஒரு செடியில் காய் ஒரே நாளில் முற்றாது. நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். மற்ற மாதங்களில் களை, உரம், மருந்தடிப்பு. நாற்காலியில் உட்காராமல், செடியின் தூரில் குனிந்து, ஈர மண்ணில் செய்யும் வேலை. பெண்களே பெரும்பாலும் செய்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்து வயற்கூலியைவிட மலைக்கூலி கூடுதல் என்பதால் நெருக்கியடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார்கள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று போக வேண்டும். எட்டு மணிக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டுமானால் விடிவதற்குள் ஜீப் கிளம்ப வேண்டும். அம்மா எழுவது நான்கு மணிக்கு.

அந்த நேரத்தில் அவள் ஒரே உலையில் வைக்கும் சோறு மூன்று இடத்துக்குப் போகிறது. ஒன்று அவளுடைய தூக்குச்சட்டிக்கு. ஒன்று வீட்டுக்காரருக்கு. மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் எழும்போது அம்மா மலையில் இருப்பாள். அம்மாச்சியோ அப்பத்தாவோ இருந்தால் தட்டில் போட்டுக் கொடுப்பார்கள். இல்லையென்றால் ஆறாவது ஏழாவது படிக்கும் மூத்த பெண்பிள்ளைதான் தம்பி தங்கைக்குத் தலை சீவி, சோறு போட்டு, வீட்டைப் பூட்டி வர வேண்டும். அவள் பங்கு கடைசியில் வருகிறது. பல நாள் வராமலும் போகிறது. ஒரு தம்ளர் வரக்காப்பியும் ஒரு பன்னும் தான் காலைச் சாப்பாடு என்ற பிள்ளைகள் ஏராளம். சர்க்கரையும் மைதாவும் ஒன்றரை மணி நேரம் தாங்கும். காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் வேலை பார்த்த எல்லா ஆசிரியரும் தூக்கி நிழலில் கிடத்தியிருப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். தண்ணீர் தெளித்த பின் "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்.

உணவு வெறுமனே காசைப் பொறுத்தது என்றால் மலைக்கூலி வாங்கும் வீட்டுப் பிள்ளை, கீழே வயலில் குறைந்த கூலி வாங்கும் வீட்டுப் பிள்ளையைவிட நன்றாக இருக்க வேண்டும். எப்போதும் அப்படி இருப்பதில்லை. தாய் பகலெல்லாம் வீட்டில் இல்லாததன் விலையைக் கூடுதல் கூலி முழுதாக அடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வீட்டிலும் திங்கள் முதல் சனி வரை காலையில் அடுப்புப் பக்கம் ஆள் இருப்பதில்லை. போதாக்குறைக்கு அம்மா விட்டுப் போகும் ஐந்து ரூபாய்க் காசு பாக்கெட் தின்பண்டமாக மாறுகிறது. கூலி கைக்கு வரும் நாளில் டாஸ்மாக் கடைக்குப் போகும் பங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போடி நகருக்குள்ளேயே வேறொரு கூட்டம் உண்டு. கிடங்குகளில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்கள். கூலி குறைவு, ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போகலாம். மாலையில் வீடு திரும்ப மலை இறங்க வேண்டியதில்லை. இதே ஊரில் தோட்ட முதலாளிகளின், வியாபாரிகளின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களிடம் இப்போது காணப்படுவது உடல் பருமன். ஒரே ஏலக்காயில் வாழும் மூன்று வகை வீடுகளில் மூன்று வகை உடல்கள்.

பெண்பிள்ளைகளின் நிலையைப் புள்ளிவிவரங்களும் சொல்கின்றன. 2016–18இல் இந்தியா முழுவதும் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் வளரிளம் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 18 விழுக்காட்டினருக்கும் இரத்தச் சோகை காணப்பட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 2015–16இல் இந்த அளவு 27.1 ஆக இருந்தது, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளின் இரத்தச் சோகை அதே காலத்தில் 50.7இலிருந்து 57.4 ஆக ஏறியிருக்கிறது. வயிறு நிறைவதற்கும் ஊட்டத்துக்கும் உள்ள இடைவெளி பற்றி மேலே சொன்னது இதுதான்.

மலைச்சரிவில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடப்பவர்களின் பாதத்தைத் துளைத்து ஏறும் கொக்கிப்புழு. இலங்கையின் தோட்டத் தமிழர்களிடையே ராக்கஃபெல்லர் நிறுவனம் 1916 முதல் இந்தப் புழுவுக்கு எதிராக இயக்கம் நடத்தியது. இப்போது பள்ளிகளில் ஆண்டுக்கு இரு முறை குடற்புழு நீக்க மாத்திரையும் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரையை விழுங்கினால் குமட்டும். குமட்டினால் அடுத்த வாரம் பிள்ளை அதை ஜன்னல் வழியே எறியும். ஆக, மாத்திரையின் வெற்றியும் காலைச் சோற்றையே நம்பியிருக்கிறது.

பந்தியும் சாதியும்

சத்துணவுக் கூடம் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன் இவ்வளவு பெரிய அளவில் அப்படி நடந்ததில்லை. சமைப்பவர் யார் என்ற கேள்வியில்தான் சாதி திரும்ப நுழைந்தது. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28இல் சமைத்த மதிய உணவை எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கிய உச்ச நீதிமன்றம், 2004 ஏப்ரலில் சமையலர் நியமனத்தில் தலித், பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை தரச் சொன்னது. அதன் பிறகும் 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் பட்டியலினச் சமையலருக்கு எதிர்ப்புக் கிளம்பியது. 2023இல் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் காலை உணவையே சில பெற்றோர் மறுத்தார்கள். தேனி மாவட்டத்துச் சாதிக் கணக்கு இவற்றுக்கு அந்நியமானதல்ல. இங்கே பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும்: "எம்பிள்ளைக்குச் சத்துணவு ஒத்துக்காது" என்று ஒரு டிபன் பாக்ஸ் வரும். அந்த டிபன் பாக்ஸில் முட்டை இருக்காது. சாதிப் பெருமைக்காகப் பிள்ளையின் புரதத்தை விட்டுக்கொடுக்கும் கணக்கு எனக்கு என்றும் புரிந்ததில்லை.

பழங்குடிப் பிள்ளைகளின் நிலை வேறு. போடி அடிவாரத்துச் சிறைக்காட்டில் பளியர் குடும்பங்களும், குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியில் முதுவர் குடும்பங்களும் வாழ்கின்றன. காட்டுக்குள் கிழங்கு தோண்டவும் தேன் எடுக்கவும் கட்டுப்பாடுகள் வந்த பின், அவர்களின் உணவில் பல வகைகள் ஒரே தலைமுறையில் மறைந்து ரேஷன் அரிசி மட்டும் நின்றது. விடுதிப் பள்ளியில் மூன்று வேளைச் சோறு கிடைக்கிறது, வீட்டு உணவின் அறிவு கிடைப்பதில்லை. எந்தக் கீரை எந்த மாதத்தில் தளிர்க்கும் என்று பாட்டிக்குத் தெரியும். பேத்தி விடுதியில் இருக்கிறாள்.

எல்லை மூடும் நாட்கள்

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சிக்கல் முற்றியபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல, அச்சத்தில் இரவோடு இரவாக மலைப்பாதைகளில் நடந்து தேனி மாவட்டத்துக்கு இறங்கின. அன்றாடம் ஜீப்பில் போனவர்களுக்கும் வேலை நின்றது. காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் மாதம் அது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்று முடக்கம் வந்தபோது மறுபடி போடிமெட்டு மூடியது. இம்முறை பள்ளியும் மூடியது. கூலியும் சத்துணவும் ஒரே வாரத்தில் நின்றுபோன குடும்பங்களுக்கு, பிறகு சத்துணவுக்குரிய அரிசி, பருப்பு, முட்டை உலர் பொருளாகக் கொடுக்கப்பட்டன. பிள்ளைக்கென்று வந்த அரிசி வீட்டு உலையில் எல்லோருக்குமான அரிசி ஆயிற்று. அதில் தவறொன்றும் இல்லை. பள்ளியில் சமைத்துப் போடும் சோறு ஏன் பிள்ளைக்கு முழுதாகச் சேர்கிறது, வீட்டுக்குக் கொடுக்கும் பொருள் ஏன் பங்காகிறது என்பது அந்த மாதங்களில் தெரிந்தது.

ஏலக்காய் விலையும் ஓர் எல்லைதான். 2018 வெள்ளத்துக்குப் பின் விளைச்சல் குறைந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. செடி அழிந்த தோட்டத்தில் எடுக்கக் காய் இல்லை; விலை ஏறியபோது கூலி நாட்கள் குறைந்தன.

காலை உணவு

2022 செப்டம்பர் 15இல் மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகள், ஏறத்தாழ 1.14 லட்சம் மாணவர்கள். மலைப்பகுதிப் பள்ளிகளும் அந்த முதல் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரக அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. ரவை, சேமியா, அரிசி ஆகியவற்றில் உப்புமா, கிச்சடி, பொங்கல். கூடவே காய் போட்ட சாம்பார். பெரும்பாலான ஊர்களில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர், அதே பள்ளியில் தங்கள் பிள்ளை படிக்கும் தாய்மார்கள்.

மதிய உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே நூறு ஆண்டு இடைவெளி. மற்ற மாவட்டங்களில் இது ஒரு கூடுதல் சலுகையாகத் தெரியலாம். ஜீப் ஏறும் ஊர்களில் இது அம்மா இல்லாத இரண்டு மணி நேரத்தை நிரப்புகிறது. பிள்ளை எட்டரைக்குப் பள்ளிக்கு வந்துவிட்டால் போதும். மூத்த பெண்ணுக்கும் காலை வேலை குறைகிறது.

ஆனால் அந்த மூத்த பெண் ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ படிக்கிறாள். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. தம்பியைத் தொடக்கப் பள்ளியின் வாசலில் பொங்கல் வாசனையோடு விட்டுவிட்டு, உயர்நிலைப் பள்ளிக்கு அவள் வெறும் வயிற்றோடு நடக்கிறாள். மாதவிடாய் தொடங்கும் வயதும், இரும்புச் சத்து மிகவும் வேண்டியிருக்கும் வயதும் அதுவே. மதியம் வரும் முட்டைதான் பல நாள் அவளுடைய முதல் உணவு. பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் அந்த முட்டையும் இல்லை.